நான்காம் இரவுக்கு ஓர் இடம்

“இன்னிக்கு நான்தான் முதல் ஆளா?” என்று தொலைபேசியில் ஒரு பெண்மணி கேட்டார்.

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். “மணி பத்து ரெண்டு, மேடம்.”

“ஆமா, அதான் கேக்கறேன். நான்தானே முதல் ஆளு?”

“நாங்க எட்டு மணிக்கே திறந்துட்டோம்.”

மறுமுனையில் பேருந்தின் சூடேற்றி இரைந்துகொண்டிருந்தது. பிறகு, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “இன்னிக்கு ஐஸ், கண்ணு. ரோடெல்லாம் கண்ணாடி. எல்லாமே ரெண்டு மணி நேரம் தள்ளித்தான்.”

“பள்ளிக்கூடம் தள்ளிப் போயிருக்கும், மேடம். நாங்க தள்ளல.”

“நீங்க தள்ளல” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். “அட, நீங்க எதுக்குத் தள்ளப் போறீங்க? உங்ககிட்ட என்ன பஸ்ஸா இருக்கு? சரி பாரு. டென்னிங் க்ரீக் முகாம், முப்பத்தொண்ணாம் எடம். ஜூலை இருபத்துமூணு, ஒரே ஒரு ராத்திரி.”

பார்த்தேன். “எட்டு மணி ஆறு நிமிஷத்துக்கே போயிருக்கு, மேடம்.”

“முப்பது?”

“அதுவும் போயிருக்கு.”

“அந்த வரிசையில வேற எதாவது?”

“அந்த ராத்திரிக்கு டென்னிங் க்ரீக்ல எதுவுமே இல்ல, மேடம்.”

“முதல்ல அந்த மேடத்த நிறுத்து. பின்னாடி பிரின்ஸிபால் வந்து நிக்கறாப்பல இருக்கு.” பிறகு, “டுவேன்கிட்ட இப்ப என்னன்னு சொல்லுவேன்?” என்றார். அந்தக் கேள்வி எனக்கானதல்ல. உடனே, “சின்னப் பசங்க குளிர்ல நிப்பாங்க, நான் போறேன்” என்று வைத்துவிட்டார்.

லவோன் ட்ரேகருடன் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசிய முதல் நாள் அது. அவர் குரல் மட்டும் அதற்கு முன்பே பழக்கம். ஆரிகன் கடற்கரையில் உள்ள பூங்காக்களில் கூடாரம் போடவும் டிரெய்லர் எனும் இழுவை வீட்டை நிறுத்தவும் இடம் பதிவு செய்து கொடுக்கும் தொலைபேசி அறையில் நான் வேலை பார்த்தேன். ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் படித்தவள் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் நாங்கள் மூன்றே பேர். யார் எடுத்தாலும் அவரிடம் நீட்டி முழக்கிப் பேச வேண்டியதில்லை. பூங்காவின் பெயர், எண், தேதி மூன்றையும் சொல்வார்; நாங்கள் தட்டுவோம்; “ஆச்சா? சரி” என்று வைத்துவிடுவார்.

எங்கள் விதி எளிமையானது. தங்கத் தொடங்கும் இரவுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னால், அதே தேதியின் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். ஒரே முகாமில் ஏழு இரவு தங்குபவர் ஒரே காலையில் வேலையை முடித்துவிடலாம். வடக்கே அஸ்டோரியாவில் தொடங்கி, நூற்றொன்றாம் நெடுஞ்சாலையோடு இறங்கி, தெற்கே புரூக்கிங்ஸில் முடிப்பவர், ஓர் இரவுக்கு ஓர் இடம் என்று கேட்டால் ஏழு காலைகள் கூப்பிட வேண்டும். ஜூலை இருபது முதல் இருபத்தாறு வரை பயணம் போக லவோன் ஜனவரி இருபது முதல் இருபத்தாறு வரை எங்களைக் கூப்பிடுவார். பத்தொன்பது வருடங்களாக இதுதான் வழக்கம் என்றார்.

சிலர் தந்திரம் செய்வார்கள். வேண்டிய இரவுக்குச் சில நாள் முன்னதாகத் தொடங்கி நீளமாகப் பதிவு செய்து, பிறகு வேண்டாத நாட்களை முன்பக்கம் கத்தரித்துவிடுவார்கள். விதிப்படி அதில் தப்பில்லை. ஒருமுறை நானே அவரிடம் அதைச் சொல்லப் பார்த்தேன். “துண்டு போட்டு இடம் பிடிக்கற புத்தி நமக்கு வேண்டாம்” என்று முடித்துவிட்டார்.

அவர் சில்வர்டன் ஊரின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பதினான்காம் எண் வண்டி. முப்பத்தொரு வருடம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை எட்டுக்குச் சற்று முன் இறக்கிவிட்டால், சிறு பிள்ளைகளை ஏற்றக் கிளம்ப எட்டு இருபது. இடையில் உள்ள நேரத்தில் பள்ளிக்குப் பின்புறம் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுவார். வண்டி உருளும்போது கைப்பேசியைத் தொட்டால் வேலை போய்விடும். ஆகவே அவருடைய ஜூலை முழுவதும், வார நாட்களில், காலிப் பேருந்தின் இருக்கையில் கிடைக்கும் அந்த இடைவெளிக்குள் அடங்கியிருந்தது. ஐஸ் விழும் நாட்களில் அந்த ஊரில் பள்ளி இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். விடியற்காலை எழுந்திருப்பதில் தொடங்கி மதியச் சாப்பாடு வரை ஓட்டுநருக்கு எல்லாமே நகர்ந்துவிடும். அதோடு எங்களையும் சேர்த்து நகர்த்திவிட்டார். வேறு யாரும் இப்படி ஒரு தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

பிப்ரவரியிலிருந்து தினமும் எட்டு நாலுக்குக் கூப்பிட ஆரம்பித்தார், யாராவது ரத்து செய்திருக்கிறார்களா என்று கேட்க. மற்ற இருவரும் அவர் குரல் கேட்டதும் என் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

“எதாவது?”

“இல்ல, லவோன்.”

“யாருக்கும் கால் உடையலையா? கல்யாணம் நிக்கலையா?”

“இன்னிக்கு எல்லாரும் நல்லாயிருக்காங்க.”

“அதான் இந்த மாநிலத்தோட பிரச்சினை.”

சில நாட்களில் கேள்விக்குப் பிறகும் வைக்காமல் பேசுவார். அப்படித் துண்டு துண்டாகத்தான் அவர் வாழ்க்கை எனக்குத் தெரிய வந்தது. அப்பா கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்த்தவர். பண்ணை கைமாறிவிட்டது. பேருந்தில் லவோனின் கையைக் கடித்த ஒரு பையன் இப்போது ஷெரிஃபின் போலீஸ் உதவியாளர். வேகமாகப் போனதற்கு ஒருமுறை இவரை நிறுத்தியிருக்கிறான். “சட்டைக் கைய மடிச்சு தழும்பக் காட்டினேன். சிரிச்சுட்டே போகச் சொல்லிட்டான்.” இருபத்தாறு வயதில் லவோன் ஒருவரை மணப்பதாக இருந்தது. அந்த மனிதருக்குப் பக்கத்து மாநிலமான ஐடஹோவில் வேலை கிடைத்தது. “நான் ஐடஹோ போகலாம். டுவேன் போக மாட்டான். அவன் ரூம விட்டு வரவே ஒரு வாரம் ஆகும்.” அதைச் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

டுவேன் அவருடைய தம்பி. ஐம்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே அவருக்கு உலகம் மெதுவாகத்தான் புரியும் என்று லவோன் சொன்னார். அம்மா இறந்த பிறகு, விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் அக்காவோடு இருக்க முடியாமல், ஆரிகனின் தலைநகரான சேலத்தில் ஒரு வீட்டில் இருந்தார். அவரைப்போல இன்னும் மூன்று ஆண்கள், கவனித்துக்கொள்ள ஆட்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பார். ஞாயிறு பூசைக்குப் பிறகு லவோன் கூட்டிப்போய் வாஃபிள் வாங்கித் தருவார். வருடத்தில் ஒரு வாரம் இருவரும் கடற்கரையோரம் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஏழு முகாம்களின் பட்டியல் பிப்ரவரியிலேயே அந்த வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டுவிடும். அந்த வருடம் நான்காவது வரி வெறுமையாக இருந்தது.

இடமே இல்லை என்பதில்லை. டென்னிங் க்ரீக்குக்குச் சற்றுத் தெற்கே, மணல்மேடுகளுக்கு நடுவே ஃபாக்ஸ் லேக் என்று ஒரு முகாம் உண்டு. மார்ச்சில்கூட அங்கே இருபது இடங்கள் காலியாக இருந்தன. நான் அதைச் சொன்னபோதெல்லாம் லவோன் வேண்டாம் என்றார்.

“மின்சாரம் இருக்கு. தண்ணி இருக்கு. காத்தும் அவ்வளவா அடிக்காது” என்று ஒருநாள் அடுக்கினேன்.

“வேண்டாம்னேன்ல.”

“ஏன்னு தெரிஞ்சா வேற எடம் பாக்க வசதியா இருக்கும்.”

“முப்பத்தொண்ணுலேர்ந்து குளியலறைக்கு எத்தன திருப்பம் தெரியுமா?”

“தெரியாது.”

“ஒண்ணுகூட இல்ல. டிரெய்லர்லேர்ந்து இறங்கி மூக்குக்கு நேரா நடந்தா குளியலறை. திரும்பி நின்னு மூக்குக்கு நேரா நடந்தா டிரெய்லர். இந்தக் கடற்கரை முழுக்க நடந்து பாத்து அப்படி ஒம்பது எடம் கண்டுபிடிச்சேன், கண்ணு. மரம் விழுந்து ரெண்ட மூடிட்டாங்க.”

அதன்பிறகு அவர் சொன்னதை நான் குறுக்கிடாமல் கேட்டேன். முதல் பயணத்திலேயே டுவேன் தொலைந்துபோயிருக்கிறார். குளிக்கப் போனவர் திரும்பும்போது பாதை பிரிந்த இடத்தில் தவறான பக்கம் போய்விட்டார். நான்கு மணி நேரம் தேடினார்கள். “முன்னபின்னத் தெரியாத ஒரு குடும்பத்தோட நெருப்புப் பக்கத்துல உக்காந்து சோளம் தின்னுட்டிருந்தான். என்னைப் பாத்து, ‘நீ எங்க போய்த் தொலைஞ்ச?’ன்னு கேக்கறான்.” சிரித்தார், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டார். “அந்த வீட்டுல அவன் பின்னாடி எப்பவும் யாராவது நடப்பாங்க. கடைக்குப் போனா, தபால் பெட்டிக்குப் போனா. வருஷத்துல ஏழு நாள்தான் அவன் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டுத் தனியாப் போய்ட்டுத் தனியா வர்றது. பின்னாடி யாரும் போக மாட்டாங்க. நானும்தான்.”

“நீங்க எங்க இருப்பீங்க?”

“ஜன்னல்ல. வேற எங்க இருப்பேன்?”

ஏப்ரலில் ஒருநாள் வேறொரு குரல் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டது.

“இனெஸா? நான் டுவேன் ட்ரேகர். லவோனோட தம்பி. நாலாவது வரி காலியா இருக்கு.”

“தெரியும், சார்.”

“அதுல நான் எழுதப் போறேன். ஃபாக்ஸ் லேக் பத்திச் சொல்லு.”

திரையில் இருந்ததைச் சொன்னேன். இடங்கள் எத்தனை, ஏரி எவ்வளவு தூரம், விறகு விற்பார்களா. அவர் ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டினார்.

“குளியலறைல பட்டனா, கைப்பிடியா?”

“பட்டன்னு போட்டிருக்கு. அழுத்தினா கொஞ்ச நேரம் தண்ணி வரும்.”

“எவ்வளவு நேரம்?”

“அது போடல, சார்.”

“காத்து எந்தப் பக்கம்?”

“வடமேற்கா இருக்கலாம்.”

“இருக்கலாமா? நீ அங்க போயிருக்கியா?”

“இல்ல.”

“அப்ப உனக்கு எப்படித் தெரியும்?”

“ஸ்க்ரீன்ல படம் இருக்கு.”

“ஸ்க்ரீன்ல காத்து அடிக்குமா?”

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் படத்தைப் பார்த்து ஏரியைத் தொடும் முதல் வரிசையைக் கேட்பார்கள். சாயங்காலம் எந்த ஏரிக்கரையிலும் தட்டில் வைத்த ரொட்டிகூடப் பறக்கும். மூன்றாம் வரிசைதான் சரி என்று எனக்கு விளக்கினார். மூன்று முறை கூப்பிட்ட பிறகு, ஐம்பத்தெட்டாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். சலவைக்கூடத்துச் சம்பளம் விழும் தன் அட்டையின் எண்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் படித்தார்.

“ஏன் ஃபாக்ஸ் லேக், சார்?” என்று கேட்டேன். எனக்கு அது தேவையில்லாத கேள்வி.

“பத்தொம்பது வருஷமா அந்தப் போர்டத் தாண்டியே போறோம். ஒரு தடவகூட எங்கக்கா உள்ள திருப்பினதில்ல. என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா?”

அடுத்த வாரம் எட்டு மூன்றுக்கே லவோன் கூப்பிட்டார்.

“நீ எப்படிக் குடுத்த?”

“அவர் கேட்டார். இடம் இருந்துச்சு.”

“நான் உன்கிட்ட எல்லாம் சொன்னேன். திருப்பம், பாதை, எல்லாம். எதுக்குச் சொன்னேன்? பொழுது போகாமலா?”

“கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது, லவோன்.”

“சனிக்கிழமை வண்டிய எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தேன். அம்பத்தெட்டுலேர்ந்து குளியலறைக்கு மூணு இடத்துல பாதை பிரியுது. மூணு. அதுல ஒண்ணு நேரா ஏரிக்குள்ள எறங்குது. அவனுக்கு நீச்சல் தெரியாது.” மூச்சு விட்டார். “ரத்து பண்ணு.”

“அது அவர் பேர்ல இருக்கு. அவர்தான் சொல்லணும்.”

“நான் அவன் அக்கா.”

“தெரியும். ஆனாலும் அவர்தான் சொல்லணும்.”

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். “அவன் பேர்ல இதுவரைக்கும் எதுவும் இருந்ததில்ல” என்று மட்டும் சொன்னார். பிறகு நேரமாகிவிட்டது என்றார். நேரமாகவில்லை, எட்டு ஏழுதான்.

அதற்குப் பின் ரத்து உண்டா என்று கேட்பது மட்டும்தான். அரட்டை நின்றுபோனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. டென்னிங் க்ரீக் முப்பத்தொன்று கிடைத்துவிட்டால், டுவேனிடம் பேசி ஃபாக்ஸ் லேக்கை விடச் செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அக்கா கண்டிப்பாகச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆகவே மே மாதம் முழுவதும் யாரோ முகம் தெரியாத ஒருவர் தன் விடுமுறையை மாற்றிக்கொள்வதற்காக அவர் காத்திருந்தார். டுவேனும் இடையிடையே கூப்பிட்டு ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் முதல் வாரம், பள்ளி முடிய மூன்று நாள் இருக்கும்போது, முந்தின இரவில் ஒருவர் ரத்து செய்திருந்ததைக் காலையில் பார்த்தேன். எங்களால் யாருக்காகவும் எதையும் பிடித்து வைக்க முடியாது. ஆனாலும் எட்டு நாலு வரை அந்த வரியின் மேலேயே கண் இருந்தது.

“எதாவது?” என்றார்.

“இருக்கு. முப்பத்தொண்ணு. ஜூலை இருபத்துமூணு.”

பேருந்தின் ஜன்னல்கள் திறந்திருந்திருக்க வேண்டும். சூடேற்றிச் சத்தம் இல்லை. தூரத்தில் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

“விளையாடாத.”

“இல்ல. இங்க என் முன்னாடி இருக்கு. உங்க அட்டை எண் இருக்கு. போடட்டுமா?”

என் விரல் விசையின் மேல் இருந்தது.

“டுவேன் கூப்பிட்டானா?” என்று கேட்டார்.

“நேத்து கூப்பிட்டார்.”

“என்ன கேட்டான்?”

“அம்பத்தெட்டுலேர்ந்து குளியலறைக்கு வழி எப்படின்னு கேட்டார். படத்தப் பாத்துச் சொன்னேன். எழுதிக்கிட்டார்.”

“என்னன்னு?”

“இடது, வலது, வலது.”

“வர்றதுக்கு?” அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. “வர்றதுக்கு என்னன்னு சொன்ன? போறதுக்கு எவன் வேணா போவான்.”

“நான் சொல்லல. அவரே சொன்னார். வரும்போது இடது, இடது, வலது.”

அவர் வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது. போகும் வழியைச் சொல்லி, அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார் என்று புரிந்தது. இரண்டு முறை செய்தார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார்.

“ஆமா.”

“ஏரிக்குப் போற பாதைக்கு என்ன சொன்னான்?”

“அங்க ஒரு பெரிய போர்டு இருக்குமான்னு கேட்டார். இருக்குன்னேன். அப்ப அது வேண்டாம், அது மீன் பிடிக்கறவங்களுக்குன்னார்.”

யாரோ ஒரு பெரியவர் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி விசில் ஊதினார். எட்டு பதினொன்று. மேற்பார்வையாளர், அழைப்பு நீள்வதைக் காட்டி என் மேசையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்.

“லவோன், இது நிக்காது. வேற யாராவது எடுத்துடுவாங்க. போடட்டுமா, வேண்டாமா?”

“வேண்டாம்” என்றார். அந்தச் சொல் வந்த வேகத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

“சரி.”

“இரு, வைக்காத. என்னை எனக்குத் தெரியும். இப்ப வேண்டாம்னு வச்சிட்டு, இந்த பஸ் படியிலேர்ந்து எறங்கி, வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, மறுபடி உன்னைக் கூப்பிடுவேன். உன்கிட்ட கெஞ்சுவேன். ஒரு உதவி கேக்கறேன், இனெஸ். நாம பேசறதெல்லாம் பதிவாகும்னு ஆரம்பத்துலயே ஒருத்தி சொல்றாளே, அவளும் கேட்டுக்கட்டும். நான் மறுபடி கூப்பிட்டா, அது போயிடுச்சுன்னு சொல்லிடு. போகலன்னாலும்.”